மைனி எண்ணிய வெடிப்புகள்

பாறசாலையில் யாராவது "பிள்ளைக்கு என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டால், சூரியனில் உண்டாகும் சின்னச் சின்ன வெடிப்புகளை எண்ணுகிறேன் என்பேன். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அதுக்கு உள்ள குழல் எங்க இருக்கு?" தொலைநோக்கியைத்தான் கேட்கிறார்கள். ஆகாசத்தில் இருக்கிறது என்பேன். பொய்யில்லை. அந்த வெடிப்புகள் விடும் எக்ஸ் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் அந்தத் தொலைநோக்கியை வெளிநாட்டுக்காரர்கள் செயற்கைக்கோளில் ஏற்றி மேலே அனுப்பியிருந்தார்கள். அது எடுத்த படங்கள் காந்த நாடாவில் பதிந்து, பார்சலாகத் திருவனந்தபுரத்தில் என் துறைக்கு வந்து சேரும். கேட்டவர்கள் உடனே, "அப்பம் கல்யாணம் எப்பம்?" என்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சூரியன் அடங்கிக் கிடந்த வருஷங்கள். பெரிய வெடிப்புகளின் ஆர்ப்பாட்டம் இல்லாததால் சின்னவை தெளிவாகத் தெரிந்தன. ஓரத்தில் துளையுள்ள நீளத் தாளில் பிரிண்டர் கறகறவென்று ஒளியின் ஏற்ற இறக்கத்தை அச்சடித்துத் தள்ளும். சட்டென்று ஏறி மெல்ல இறங்கும் மேடு வந்தால் அது வெடிப்பு. முதல் மேட்டைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பூமி அளவுக்கு ஓர் இடம் பற்றி எரிந்து அணைந்திருக்கிறது, அது என் பென்சில் முனைக்குக் கீழே கிடக்கிறது. பாசஞ்சர் ரயிலில் வீடு வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா தன் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

சூரியனின் மேற்பரப்பைவிட அதைச் சுற்றியுள்ள வெளி பல மடங்கு சூடு. அடுப்பைவிட அதற்கு மேலே எழும் புகை அதிகம் சுட்டால் எப்படி, அப்படி. இந்தச் சின்ன வெடிப்புகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சூட்டைத் தருகின்றனவா என்பது கேள்வி. அதற்கு எண்ணிக்கை நம்பும்படி இருக்க வேண்டும். என் பேராசிரியர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, ஆசைப்பட்ட கண்ணுக்கு எல்லாம் மேடாகத்தான் தெரியும் என்றார். இதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் தனியாக எண்ண வேண்டும். இரண்டும் நெருங்கி வந்தால் கட்டுரையை அனுப்பலாம், வராவிட்டால் முதலிலிருந்து.

முதலிலிருந்து என்றால் என் கதை முடிந்தது. கட்டுரை வராவிட்டால் வருகிற ஜூனில் பி.எட். என்று அண்ணன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். சூரியனை விட்டுவிட்டு எட்டாம் வகுப்பில் போய் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்றும் தெரியாத, ஆனால் கண் கூர்மையான ஆள் வீட்டிலேயே இருந்தார். அண்ணனின் மனைவி, என் மைனி. நெய்யாற்றின்கரையில் ஒரு கோர்ட்டின் நகல் பிரிவில் வேலை. அசல் தீர்ப்பையும் தட்டச்சு செய்த நகலையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பது அவர் தொழில். மேடு என்றால் என்ன என்று பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் அச்சுத் தாளின் இன்னொரு பிரதியை விரித்து, மேடுகளைப் பென்சிலால் குறிக்க உட்கார்ந்துவிடுவார். மேசை போனதால் அண்ணன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டான்.

நாலாம் ஞாயிறு மைனி கூட்டிச் சொன்ன எண் என் எண்ணோடு அப்படியே பொருந்தியது. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. மைனியைக் கட்டிப்பிடித்து அடுக்களையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். மீன்குழம்புச் சட்டி தப்பியது தெய்வாதீனம்.

மறுநாள் பேராசிரியர் இரண்டு எண்களையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எண்ணியவருக்கு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினால் கொஞ்சமாவது மாறும், இது ஒருவர் எண்ணியதை இன்னொருவர் ஒத்துப் பார்த்தது என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாயங்கால ரயிலில் மைனி நெய்யாற்றின்கரையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"மைனி, எனக்க நோட்டப் பாத்தியளா?"

"பாத்தேன். கடைசிலயாக்கும் பாத்தேன்."

"பாத்து மாத்தினியளா?"

"பின்னே? எனக்கும் உனக்கும் அங்கங்க மாறிக் கெடந்து. நீ படிச்ச பிள்ளை, உனக்குள்ளது அசலு, எனக்குள்ளது நகலு. ஒத்து வராத நகல ஆரெங்கிலும் வெளிய விடுவாளா மக்கா?"

அந்த முகத்தில் ஒரு தப்புக்காரியின் சாயல்கூட இல்லை. எனக்காக உழைத்த பெருமைதான் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. நாலு ஞாயிறு போயிற்று, இனி ஜூன் வரும், பி.எட். வரும்.

"ரப்பர் வச்சு ஒக்க அழிச்சாச்சு, இல்லியா?"

மைனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அழிக்கியதா? எட்டி, ரிக்கார்ட அழிச்சா வேலை போவும். சிவப்பு மையில ஒரு வெட்டு, பக்கத்தில எனக்க ஒப்பு, தேதி. அப்பிடியாக்கும் திருத்தியது. புதுசாச் சேத்ததும் சிவப்பிலதான்."

அப்படியென்றால் மைனி முதலில் பென்சிலில் குறித்தது அழியாமல் கிடக்கிறது. புரிந்ததும் சீட்டில் உட்கார முடியவில்லை. பாறசாலையில் வண்டி நிற்கும் முன்னே வாசலில் நின்றேன். மைனியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். "சேலை தடுக்குது, பைய போ" என்று அவர் பின்னால் கத்தக் கத்த ஓடினேன்.

மேசையில் தாளை விரித்தோம். சிவப்பைக் கணக்கில் எடுக்காமல் பென்சிலை மட்டும் எண்ணினோம். மைனி தன் கண்ணால் கண்டது முழுக்க அப்படியே இருந்தது. என் எண்ணை நெருங்கி வந்தது, ஆனால் ஒன்றாகவில்லை. நான் கண்ட சிலவற்றை அவர் விட்டிருந்தார், அவர் கண்ட சிலவற்றை நான் விட்டிருந்தேன். ஒத்துப்போகாத இரண்டு எண்களைப் பார்த்து நான் துள்ளிக் குதித்ததை அண்ணன் தட்டும் கையுமாக நின்று பார்த்தான்.

மறுநாள் துறையில், மைனி வெட்டிப்போட்ட மேடுகளில் ஒன்றை எடுத்து, அந்த நேரத்துப் படங்களை வரிசையாகத் திரையில் ஓடவிட்டேன். சூரியனின் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி மினுங்கி அடங்கியது. சந்தேகமே இல்லாத வெடிப்பு. நான் தூங்கி வழிந்த பக்கம் அது. மைனி சரியாகக் குறித்திருந்தார். பிறகு என் நோட்டில் இல்லை என்று தன் கையாலேயே வெட்டி, கையெழுத்தும் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மைனி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"அப்பம் எனக்க கண்ணு சரியாட்டு கண்டிருக்கா?"

"சரியாட்டு கண்டிருக்கு மைனி. எனக்காக்கும் தப்பினது."

மைனி கையைத் துடைத்துவிட்டு மேசைக்குப் போனார். சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வெட்டுக்குப் பக்கத்தில் 'வெட்டு ரத்து' என்று எழுதினார். கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை தாள் முழுக்க ஒருமுறை பார்த்தார்.

"மத்த வெட்டையும் எடுத்து படத்தில பாத்துச் சொல்லு," என்றார். "ஒண்ணையும் நான் விட மாட்டேன்."