மறுக்கா வாரேனுங்க

ஜன்னலோரம் என் மனைவி. பக்கத்தில் நான். நடைவழிக்கு அந்தப்புறம் திருப்பூர் நூல் வியாபாரி ஒருவர். முன்னால், மூடிய கதவுக்குப் பின்னே, விமானம் ஓட்டும் பெண். சென்னையிலிருந்து கோவைக்கு வந்தோம். எங்களுக்கு அதுதான் முதல் விமானம்.

ஏறும் முன்பே அவளைப் பார்த்தேன். எங்களைப் போல நல்ல கறுப்பு, ஒல்லி. தோளில் தங்கப் பட்டைகள். விமானத்தின் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

வியாபாரி சிரித்தார். "தறிக்குப் போற புள்ளையாட்ட இருக்குது. பேருக்கு ஒண்ணு வேணும்னு வேலைக்கு எடுத்திருப்பாங்க."

என் மனைவி தறிக்குப் போகிறவள்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோவையில் மழைக்காற்று. சக்கரம் தரையைத் தொடும் நேரம் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு விருட்டென்று மேலே ஏறியது. மனைவியின் நகம் என் கையில் இறங்கியது. வியாபாரி சொன்னது நிஜமோ என்று நினைத்தேன்.

மைக்கில் அவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள், நிறுத்தினாள். "ஏனுங்க, காத்து சரியில்லீங்க. மறுக்கா சுத்திப்போட்டு வாரேனுங்க."

"மைக்குல பேசற பேச்சா இது?" என்றார் வியாபாரி. அவரும் முன் சீட்டை இறுகப் பிடித்திருந்தார்.

இரண்டாம் தடவை தரையிறங்கிவிட்டோம். கீழே அவள் நின்றிருந்தாள்.

"பயமாயில்லீங்களா அம்மணி?" என்றேன்.

"இருந்துச்சுங்க. தப்பாப் போனா, கறுப்பிய எடுத்தா இப்படித்தான்னு சொல்லுவாங்க. அடுத்த புள்ளைய எடுக்க மாட்டாங்க."

"அந்நேரத்துல அதையா நெனச்சீங்க?"

"இல்லீங்க. பின்னால இருந்தவங்களைத்தான் நெனச்சேன். எழுபத்தொரு பேருங்க."