செவன் கிங்ஸிலிருந்து எட்மண்டன்: ஒரே ஷிப்டுக்கு இரண்டு பயணம்

ஒரே மருத்துவமனையில், ஒரே வாட்டில், பதினொரு வருடம் வேலை செய்த தாதி நான். கடந்த மார்ச் மாதம் அந்த வேலையை விட்டு ஏஜென்சி தாதியானேன். இன்று ஒரு மருத்துவமனை, அடுத்த நாள் இன்னொன்று. ஆள் குறைகிற இடத்துக்கு ஏஜென்சி அனுப்பும், நாங்கள் போவோம். லண்டனுக்குள் கொஞ்சக் காலம் பழகிவிட்டால், கடற்கரை ஊர்களுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் மூன்று மாத ஒப்பந்தத்தில் போய் வரலாம். எப்படித் தொடங்குவது என்று கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். அழகாகப் போன ஒரு நாளைத்தான் எழுத இருந்தேன். ஆனால் உங்களுக்கு உதவப்போவது என் முதல் நாள்தான்.

ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். தங்கை மகள் பெரியபிள்ளையான சடங்குக்கு, சாமத்தியவீட்டுக்கு, பாரிஸ் போக ஆறு மாதம் முன்பே லீவு கேட்டிருந்தேன். கிடைக்கவில்லை. அது மூன்றாவது தடவை. அன்று இரவு சாப்பிடும்போது முடிவைச் சொன்னேன். கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நிரந்தர வேலையை விட்டிட்டு ஊர் ஊராத் திரியப் போறீரோ?"

"ஓம்" என்றேன். துணிச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. ராஜினாமாக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை.

ஏஜென்சியில் பதிவு முடிய ஏழு வாரம் எடுத்தது. பழைய மேலாளரின் கடிதம், பொலிஸ் சான்று, தடுப்பூசிப் பத்திரங்கள், பொம்மையின் நெஞ்சை அமத்திக் காட்டும் பயிற்சி. தடுப்பூசிப் பத்திரம் ஒன்றைத் தேடி மட்டும் இரண்டு வாரம் போனது, ஆகவே அதை முதலில் தேடி வையுங்கள். கடைசியில் ஏஜென்சியிலிருந்து கெய்லி என்ற பெண் அழைத்தாள். எட்மண்டன் பக்கம் ஒரு மருத்துவமனை, எலும்பு சத்திரசிகிச்சை வாட், காலை ஏழரையிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை. முதல் மூன்று ஷிப்டுக்கும் வாட்டிலிருந்து அறிக்கை வாங்குவோம், ஒன்று பிழையாகப் போனாலும் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றும் இனிமையான குரலில் சொன்னாள். என் பழைய இடத்துக்கு அதற்குள் வேறொருவர் வந்துவிட்டார். திரும்பிப் போக எனக்கு இடமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை 5.25க்கு வீட்டைவிட்டு இறங்கினேன். செவன் கிங்ஸில் 5.38 ரயில். லிவர்பூல் ஸ்ட்ரீட் 6.03. அங்கே மாறி 6.15க்கு வடக்கே போகும் ரயில். எட்மண்டன் கிரீன் 6.44. அங்கிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம், 1.75 பவுண். ஏழு மணிக்குக் கொஞ்சம் பிந்தி வாசலில் நின்றேன். வரைபடத்தில் பார்த்தால் எட்மண்டன் எங்களுக்கு மேலே கிட்டத்தான் தெரியும். ஆனால் ரயிலில் போவதென்றால் நகரத்துக்குள் இறங்கி மறுபடி ஏற வேண்டும். முந்தின ஞாயிறே ஒரு தடவை போய்ப் பார்த்து வந்ததால் காலையில் பதறவில்லை.

வாட்டின் பொறுப்பாளர் அபெனா, கானாவிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஒரு கொத்துத் திறப்பை என் கையில் வைத்தார். இந்தியத் தோழிகள் சாவி என்று சொல்வது. மோர்பின் போன்ற கடும் மருந்துகள் இருக்கும் அலுமாரியின் திறப்பு. இங்கேதான் என் சிக்கல் தொடங்கியது. என் பழைய வாட்டில் விரலை வைத்தால் அலுமாரி திறக்கும். திறப்பைக் கையில் வைத்திருந்து பல வருடமாகிவிட்டது. தொலைத்துவிடுவேனோ என்ற பயத்தில் சீருடைப் பைக்குள் போட்டு, உள்பக்கமாக ஒரு சட்டை ஊசியும் குத்திக்கொண்டேன். அவ்வளவு கவனம்.

நான்காம் கட்டிலில் ஐரீன். எண்பத்திரண்டு வயது, இடுப்பெலும்பு முறிந்து முந்தின நாள்தான் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. பன்னிரண்டரைக்கு வலி மருந்து கொடுத்தேன். அடுத்தது எப்போது என்று கேட்டார். நாலரைக்கு என்றேன்.

"நீ அப்போது இருக்கமாட்டாயே."

"நான் போனாலும் மருந்து சரியாக வரும்" என்று அவர் கையைத் தட்டிச் சொன்னேன்.

இரண்டரைக்கு அடுத்த ஷிப்டுத் தாதி வந்தார். இருவரும் அலுமாரியைத் திறந்து மருந்துகளை எண்ணிக் கையெழுத்து வைத்தோம். நான் பூட்டினேன். திறப்பைக் கொடுக்கத் திரும்பிய நேரம் இரண்டாம் கட்டிலில் சேலைன் இயந்திரம் அலறியது. அவர் ஓடினார். என் கை, காலை முழுவதும் பழகினபடி, திறப்பைப் பைக்குள் போட்டு ஊசியைக் குத்தியது. மூன்று மணிக்கு உடை மாற்றும் அறையில் சீருடையைக் கழற்றிச் சுருட்டித் தோள்பையின் அடியில் வைத்தேன். சீருடையோடு வீதிக்கு வரக்கூடாது என்பது இங்கே விதி.

3.26 ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல் நாள் நல்லபடி முடிந்ததென்று எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்து, கண்ணை மூடிக்கொண்டேன். ஹக்னி டவுன்ஸ் நெருங்கும்போது போனை எடுத்தால் நான்கு தவறிய அழைப்பு. எல்லாம் கெய்லி. திருப்பி அழைத்தேன்.

"ஒரு சின்னக் கேள்வி" என்றாள். "வாட்டின் திறப்பு உங்களிடம் இருக்கிறதா?"

பையின் அடியில் கையை விட்டேன். ஊசி விரலில் குத்தியது.

மோர்பின் அலுமாரித் திறப்பு மருத்துவமனையை விட்டு வெளியே போவது சின்ன விஷயமல்ல. அதுவும் புதிதாக வந்த ஏஜென்சிக்காரியின் பையில். மருந்து ஒன்று குறைந்திருந்தாலும் என் பெயர் போய்விடும், சில நேரம் தாதிப் பதிவும் போய்விடும். மாற்றுத் திறப்பு மருந்தகத்தில் இருக்கிறதாம், ஆனால் கையெழுத்துகள் வாங்கி எடுத்து வர நேரமாகும் என்றாள் கெய்லி. அப்போது மணி 3.46. எனக்கு வேலை போவதுகூடப் பிறகுதான் நினைவு வந்தது. ஐரீனிடம் நாலரை என்று வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தேனே.

இறங்கி, படியேறி, எதிர்ப் பிளாட்போமுக்கு ஓடினேன். 3.55க்கு ரயில். இருக்க மனமில்லாமல் கதவருகே நின்றே வந்தேன். எட்மண்டன் கிரீனில் 4.14. பஸ் தரிப்பில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் வீதிவரை நின்றது. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மினிகாப் நின்றது. சாரதி போனில், "பாண் வாங்கிக்கொண்டு வாறன்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பிரெட்டைப் பாண் என்கிற எங்கள் ஊர்த் தமிழ். அந்த நேரம் அதைவிட நல்ல தமிழ் எனக்கு இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ அண்ணை. நாலரைக்கு முதல் போகோணும்."

"ஆருக்கும் கடுமையோ, தங்கச்சி?"

"இல்லை. நான் அங்க நேர்ஸ். முதல் நாள். மருந்து அலுமாரித் திறப்போட வீட்ட வெளிக்கிட்டிட்டன்."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். "பெரிய றோட்டால போக ஏலாது, பள்ளிக்கூடம் விட்ட நேரம். உள்ளால விடுறன், பொறுங்கோ."

கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறாராம். அதற்கு முன் சூரிச்சில், உணவகச் சமையலறையில். "என்ரை முதல் நாள், நாற்பது கிலோ கோழியை ஃப்ரிட்ஜுக்கு வெளியில விட்டிட்டு வீட்ட போயிட்டன். விடியப் போய்ப் பாத்தால் மணம்."

"வேலையால நிப்பாட்டினவங்களோ?"

"இல்லை. ஒரு மாசம் பாத்திரம் கழுவ விட்டவங்கள். பிறகு பதினாலு வருசம் அங்கதான் நிண்டனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றரை மைல், எட்டுப் பவுண், ஒன்பது நிமிடம். மிச்சக் காசை எண்ணி வாங்க நான் நிற்கவில்லை.

வாட் கதவைத் தள்ளும்போது 4.27. அபெனா மேசையருகே நின்றார். நான் சொல்ல எடுத்து வந்த மன்னிப்பு எல்லாம் மூச்சோடு போய்விட்டது. திறப்பை நீட்டினேன். அவர் வாங்கி, அடுத்த ஷிப்டுத் தாதியைக் கூப்பிட்டார். என் முன்னால் அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணினார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு, "எல்லாம் சரி" என்றார் அபெனா. அப்போதுதான் சுவரை விட்டு நிமிர்ந்தேன்.

4.33க்கு ஐரீனுக்கு மருந்து போனது. எட்டிப் பார்த்தேன்.

"நீ போய்விட்டாய் என்றார்களே."

"போனேன். திரும்பி வந்தேன்."

"மூன்று நிமிடம் பிந்திவிட்டது" என்று அவர் மணிக்கூட்டைக் காட்டினார். கோபமில்லை, கணக்கு மட்டும்.

அபெனா சம்பவப் படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார். மறைக்காமல், ஊசி உட்பட எல்லாம் எழுதினேன். அறிக்கையில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவர் படிவத்தை வாசித்து முடித்தார்.

"என் ஆட்களே திறப்போடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் அதை டாக்சியில் தனியே அனுப்பிவிட்டார். அலுமாரித் திறப்பு, பின் சீட்டில், தனியே." தலையை ஆட்டினார். பிறகு சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். "வியாழக்கிழமை உனக்கு வர முடியுமா?"

கழிவறைக்குள் போய், கதவைப் பூட்டி, ஐந்து நிமிடம் நிம்மதியாக அழுதேன். பதினொரு வருடம் ஒரே இடத்தில் இருந்தபோது, என்னைத் தெரிந்தவர்கள் நடுவில்தான் என் நல்ல பெயர் இருக்கிறதென்று நம்பியிருந்தேன். ஒருவருக்கும் என்னைத் தெரியாத இடத்திலும் அது என்னோடு வரும் என்று அன்று தெரிந்தது. மாதக் கணக்காக வராத தூக்கம் அன்று இரவு வந்தது.

வீட்டுக்குப் போகும்போது ஆறேகால். கணவர் கதவைத் திறந்தார். "மூண்டு மணிக்கு முடியிற ஷிப்ட் எண்டீர்?"

"ஒரு தரம்தான் வரச் சொன்னவை. நான் ரெண்டு தரம் போயிட்டு வாறன்."

வியாழக்கிழமை போனபோது திறப்புக்கொத்தில் செருப்பளவு மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை ஒன்று தொங்கியது. என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை, அட்டையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அதன் பிறகு லண்டனில் ஒன்பது மருத்துவமனை பார்த்துவிட்டேன். கோடையில் கடற்கரை ஊர் ஒன்றில் மூன்று மாதம் இருந்தேன். பாரிஸுக்கும் போய் வந்தேன், ஒருவரிடமும் லீவு கேட்காமல்.

தொடங்குகிறவர்களுக்கு: முதல் ஷிப்டை ஒன்றரை மணிநேரப் பயணத்துக்குள் எடுங்கள். வேலைக்கு முந்தின ஞாயிறு ஒரு தடவை போய்ப் பாருங்கள். சாப்பாடு கொண்டு போங்கள், முதல் நாளே கன்டீனைத் தேடித் திரிய நேரமிராது. போனின் ஒலியை ஷிப்ட் முடிந்ததும் திரும்பப் போடுங்கள். புது வாட்டில் அவசர மருந்துத் தள்ளுவண்டி எங்கே என்று கேட்ட கையோடு, எனக்குப் பிறகு திறப்பு யாரிடம் என்றும் கேளுங்கள். பிழை நடந்தால் நீங்களே திரும்பிப் போங்கள்.

இப்போதும் உடை மாற்றும் அறைக்கு வெளியே நின்று சீருடையின் இரண்டு பையையும் தட்டிப் பார்க்கிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி. பைகள் காலி என்று தெரிந்தபின் ஸ்டேஷனுக்கு நடக்கிற அந்தப் பத்து நிமிடத்தைப்போல ஒரு பயணம் எனக்கு எந்த ஊரிலும் கிடைத்ததில்லை.