பத்தாவது கை

கமலாபாய் அம்மா போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் வேறு யாராவதாக இருந்திருக்கலாம். ஒரு கல்யாணத்துக்காக நானும் என் மனைவி செல்வியும் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். காலையில் முகம்கூடக் கழுவவில்லை, போன் வந்தது. எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். “வாத்தியாரே, உங்க பக்கத்து வீட்டம்மா தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். நீங்க தமிழ் வாத்தியாரு, நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க. சங்கத்து இதழ்ல போட்டுருவோம்.”

நாலு வரிக்குள் அடங்குகிற மனுஷியா அவர்? ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன். அம்மாவை அறிந்த எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். கேட்டு வாங்கிய செயலாளர் முதலில் படிக்க வேண்டும். அவர் பெயரை நான் போடவில்லை. நம் நகரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர் கமலாபாய் அம்மா. வீட்டுக்காரர் சீக்கிரமே போய்விட, மகனைத் தனியாக வளர்த்துப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பியவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டர். எதிரே சுவர் மாதிரி நிற்கும் பலகையில் எட்டி எட்டி வயரைச் செருகியதில் வலது தோள்மூட்டு தேய்ந்துபோயிருந்தது. நான் பார்த்த நாளிலிருந்தே அந்தக் கை மார்புக்கு மேலே எழும்பாது. “ஊரு பூராம் பேசுச்சு, நான் தேஞ்சேன்” என்பார்.

கே.கே. நகரைத் தாண்டி உருவான எங்கள் நகரில் அப்போது மாநகராட்சித் தண்ணீர் கிடையாது. சங்கத்தின் போர்வெல்தான். சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் குழாய் இணைப்பு. வீடு கட்டிக் குடிவந்ததும் நானும் உறுப்பினராக விண்ணப்பித்தேன். செயலாளர் விண்ணப்பத்தைப் பார்த்தார், என் சொந்த ஊரைக் கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். என் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர், அதை ஒளிப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. மற்றவர்களை எல்லாம் கையெழுத்து வாங்கிச் சேர்த்துக்கொண்ட சங்கம், என்னைச் சேர்ப்பதற்கு மட்டும் பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு வைத்தது.

அந்தக் கூட்டத்தில் வாசல் ஓரமாக எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வாக்குச்சீட்டெல்லாம் கிடையாது, கை தூக்குவதுதான் வழக்கம். எதிராக ஒன்பது கை. ஆதரவாக ஒன்பது கை எண்ணிவிட்டுச் செயலாளர் நிறுத்தினார். கமலாபாய் அம்மா இடது கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். “வலது கையைத் தூக்குங்கம்மா” என்றார் செயலாளர். “அது எந்திரிக்காதுன்னு உங்களுக்கே தெரியுமே” என்றார் அம்மா. “சங்கத்துல ஒரு முறை இருக்குல்ல? சபையில இடது கையை நீட்டுறது மரியாதை இல்ல. அது கணக்குல வராது.” ஆக, ஒன்பதுக்கு ஒன்பது. சமம் என்றால் தீர்மானம் விழுந்தது என்று நோட்டில் எழுதி மூடிவிட்டார். சபையில் இருந்த அத்தனை பேரும் படித்தவர்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன்? “பரவாயில்லைங்க சார்” என்றேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

வீட்டு வாசலில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “யாரைக் கேட்டுப் பரவாயில்லைன்னீங்க? உங்களுக்கு உறுப்பினர் சீட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, அது உங்க இஷ்டம். என் ஓட்டு போனது பரவாயில்லைன்னு சொல்ல நீங்க யாரு?” அதோடு அவர்கள் வீட்டு மொழியில் செயலாளரைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் அர்த்தம் புரியாமல் இல்லை. தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்படி செல்வியிடம் சொன்னார். இரண்டே நாளில் சங்கத்திலிருந்து அவருக்கு நோட்டீஸ்: வெளியாளுக்குத் தண்ணீர் கொடுத்தால் இணைப்பு துண்டிக்கப்படும். செல்வி குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தள்ளி நடக்க ஆரம்பித்தாள். அப்போது அவள் ஐந்து மாதம் கர்ப்பம்.

முழங்கால் மூட்டு மாற்றுவதை அன்றைக்கே எல்லோரும் கேள்விப்பட்டிருந்தோம். தோளை மாற்றுவார்கள் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. இத்தனை வருடம் வலியைப் பொறுத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு மறுத்துவந்தவர், அந்தக் கூட்டம் முடிந்த வாரமே மருத்துவரைப் பார்க்கக் கிளம்பினார். நான்தான் துணைக்குப் போனேன். “வலி போயிரும். ஆனா பழையபடி முழுசாத் தூக்கலாம்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்” என்றார் மருத்துவர். “முழுசா வேணாம் டாக்டர். காதைத் தாண்டினாப் போதும். எண்ணுறவன் கண்ணுல பட்டாச் சரி.” மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாதம் ஆயத்தம். சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தார். சொத்தைப் பல் இருந்தால் அதிலிருந்து கிருமி புது மூட்டுக்குப் போகும் என்றார்கள், இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டார். ஆறு வாரம் வலது கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கிடக்கும், இடது கையால் எல்லாம் செய்யப் பழகுங்கள் என்றார்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நாலு தைத்தார். இடது கையில் கரண்டி பிடித்து எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக் காட்டினார். “சபையிலதான் இது கணக்குல வராதாம். வயித்துக்கு வருதான்னு பாப்போம்” என்று சொல்லி, சிந்தியதைத் துடைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

முதல் ஆறு வாரம் படுக்க முடியாது. சாய்வு நாற்காலியில் தலையணைகளை முட்டுக் கொடுத்துத்தான் தூக்கம். தலை வாரிவிட, கொண்டை போட செல்வி போவாள். தூளி கழன்றதும் பயிற்சி. குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். கதவுக்கு மேலே கப்பி கட்டி, இடது கையால் கயிற்றை இழுத்து வலது கையை உயர்த்த வேண்டும். பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். அடுப்படிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு பெயர். எனக்கு எதிராகக் கை தூக்கிய ஒன்பது பேரும் வரிசையாக அந்தச் சுவரில் இருந்தார்கள். உச்சியில் செயலாளர். “இன்னைக்குப் பொருளாளரைத் தாண்டிட்டேன் வாத்தியாரே” என்று மதில் மேல் குரல் கொடுப்பார். நான் அதுவரை பழிவாங்குவது கெட்ட குணம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது மாதம் அவசரப்பட்டார். பயிற்சி சொல்லித்தர அவனியாபுரத்திலிருந்து வரும் பெண், “கோவத்துல வெடுக்குன்னு தூக்காதீங்கம்மா” என்று படித்துப் படித்துச் சொல்லியும் கேட்கவில்லை. தோள் வீங்கி, மூன்று வாரம் எல்லாம் நின்றது. சுவரில் ஏறிய விரல் மறுபடி இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. அடுத்த பொதுக்குழுவுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். “இம்புட்டு வலியையும் பொறுத்துக்கிட்டேன், அந்தாளு முன்னாடி பாதிக் கையோட போய் நிப்பேனா?” மருத்துவர் திட்டினார். “நீங்க மூட்டைத்தானே மாத்துனீங்க டாக்டர், ரோஷத்தை மாத்தலையே” என்று பதில் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு பொறுமையாகத்தான் ஏறினார். ஒரு பெயரைத் தாண்ட இரண்டு வாரம்கூட எடுத்துக்கொண்டார்.

பொதுக்குழு நாள் வந்தது, என் விண்ணப்பமும் மறுபடி சபைக்கு வந்தது. அம்மாவின் அடுப்படிச் சுவர் பற்றி ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. செயலாளர் எழுந்து, “ஓட்டெல்லாம் எதுக்கு? வாத்தியார் நம்ம மனுஷர். ஒருமனதாச் சேர்த்துக்குவோம்” என்றார். கைதட்டினார்கள். எனக்குக்கூட அப்பாடா என்றிருந்தது. கமலாபாய் அம்மா எழுந்து நின்றார். “முடியாது. ஓட்டெடுங்க.” வேறு வழியில்லாமல், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செயலாளர். முந்தைய வருடம் எதிர்த்தவர்கள் உட்பட அத்தனை கையும் படக்கென்று மேலே போனது. “எல்லாரும் இறக்குங்க” என்றார் அம்மா. “மொதல்ல என்னோடதை எண்ணட்டும்.”

இறக்கினார்கள். அம்மா வலது கையைத் தூக்கினார். மார்பைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. அங்கே நின்று நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏற்றினார், காதைத் தாண்டி, நரைத்த கொண்டைக்கு மேலே விரல்கள் தெரிந்தன. “எண்ணுங்க. சத்தமா.” செயலாளர் “ஒண்ணு” என்றார். “ஒண்ணு இல்ல, பத்து. போன வருச நோட்டை எடுங்க.” எடுத்தார். ஒன்பதை அடித்துப் பத்து என்று எழுதி, தீர்மானம் அன்றைக்கே நிறைவேறியது என்று எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை அந்தக் கை இறங்கவில்லை. எனக்குத் தண்ணீர் வந்தது அந்த வருடத்து ஓட்டால் அல்ல. போன வருடமே எனக்குச் சேர வேண்டியதாக இருந்தது என்பதைச் செயலாளர் கையாலேயே அம்மா எழுத வைத்தார். சபைக்கு நடுவில் நான் வாய்விட்டு அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, ஜெயித்தாயிற்று, மன்னித்திருப்பார் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. அடுத்த வருடம் செயலாளர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து மகன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். அம்மா இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகவும் இல்லை. அதற்குப் பிறகு சாகும் வரை அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கவும் மாட்டார், நட்டநடுத் தெருவில் நடப்பார்.

போன் வந்த அன்றைக்கே ஊரிலிருந்து திரும்பிவிட்டோம். மயானத்தில் எல்லாம் முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தோம். செயலாளர் பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தார். “நல்ல அம்மா. கொஞ்சம் வைராக்கியம் சாஸ்தி, அம்புட்டுத்தான். அவங்களே போயிட்டாங்க. நீங்களும் பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க வாத்தியாரே.”

கமலாபாய் அம்மா நகையையும் வீட்டையும் மகனுக்கு விட்டுப் போயிருக்கிறார். எனக்கு விட்டுப் போனது அவருடைய கோபம். ஆறாமல், குறையாமல், அப்படியே என்னிடம் இருக்கிறது. செயலாளரின் கையை எடுத்துக் கீழே விட்டேன்.

“வச்சுக்குவேன் சார்” என்றேன். “அவங்கதான் போயிட்டாங்க. நான் இங்கேதான் குடியிருக்கேன்.”