சடையைத் தொட்டால் இடப்பக்கம்

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டுக் கல்யாண ஜமுக்காளங்கள் நான்கு கிழிந்தன. கல்யாணத்தில் கிழியவில்லை, கபடியில் கிழிந்தன.

அப்பாவுக்கு ஆழ்வார்குறிச்சியில் பந்தல், பாத்திரம், ஜமுக்காளம் வாடகைக்கு விடும் கடை. அம்மா அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரி என்றால் இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று, பின்னால் ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் மண் மைதானம் ஒன்று, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நான் வேனில் நேராக அங்கே போய் இறங்கிவிடுவேன். அம்மா விசில் ஊத, அக்காமார்கள் மண்ணில் புரள, நான் புளியமரத்தடியில் வீட்டுப்பாடம் எழுதுவதாகப் பேர்.

உண்மையில் நான் இசக்கி அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் இரண்டாம் வருஷம் வரலாறு. எங்கள் அணியில் ரெய்டு போகிறவள் அவள்தான். எதிரணியின் எல்லைக்குள் கபடி கபடி என்று பாடிக்கொண்டு நுழைந்தால், யாரையாவது தொடாமல் திரும்பியதை நான் பார்த்ததில்லை. பயிற்சி தொடங்கும் வரைக்கும் அதே மரத்தடியில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். விரல்கள் தம் போக்கில் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும், வாய் என்னிடம் கதை பேசிக்கொண்டிருக்கும். அம்மா விசில் ஊதியதும் முறத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டு எழுந்து ஓடுவாள். அந்தப் பொறுப்பு எனக்குப் பெரிய பதவியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் கோடு கிழித்து, அவள் குனிவது, காலை நீட்டுவது, பொய்யாக வலப்பக்கம் பாய்வது எல்லாவற்றையும் அப்பாவை எதிரணியாக வைத்துச் செய்து பார்ப்பேன். அப்பா ஈசிசேரில் படுத்தபடியே அவுட் ஆவார்.

அந்த வருஷம்தான் வண்ணார்பேட்டையைத் தாண்டி நான்குவழிச் சாலை மேல் ஒரு பெரிய கல்லூரி வந்தது. பேருந்துகள், நீச்சல்குளம், கூரை போட்ட விளையாட்டரங்கம். பேரை நிலைநாட்டக் கோப்பைகள் வேண்டும், கோப்பைக்கு ஆட்டக்காரர்கள் வேண்டும். அவர்களை வளர்த்தெடுக்க நேரம் பிடிக்கும், வாங்கிவிட்டால் சீக்கிரம். ஃபீஸ் கிடையாது, விடுதியில் மூன்று வேளையும் சாப்பாடு, காலையில் இரண்டு முட்டை, நல்ல ஷூ, அதற்கு மேல் மாதாமாதம் கையில் பணம். இசக்கி அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். அம்மா அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்து இட்லி போட்டாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பது எனக்கு முழுக்க நினைவில்லை. கிளம்பும்போது அம்மா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

“ஷூவ அவங்க குடுத்த உடனே வாங்கிராதட்டி. போட்டு நடந்து பாத்து வாங்கு. உனக்கு எடது காலு பெருசு.”

அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். “நான் போனா அழுவியாட்டி?”

“அழ மாட்டேன்” என்றேன். அவள் தெருமுனை திரும்பும் வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

அவள் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் போனார்கள். எட்டுப் பேர் அணியில் மீதி நான்கு பேர். கபடிக்கு ஏழு பேர் வேண்டும். கல்லூரி முதல்வர் அம்மாவை அழைத்து, இந்த வருஷம் பல்கலைக்கழகப் போட்டிக்கு அணி போகாவிட்டால் மைதானத்தில் வண்டி நிறுத்தக் கூரை போட்டுவிடலாம் என்று நிர்வாகம் நினைப்பதாகச் சொல்லிவிட்டார்.

அம்மா மூன்று நாள் கல்லூரி வாசலில் நின்று வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்தாள். நான்காம் நாள் மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி, தினமும் கடைசி நிமிஷத்தில் ஓடி வந்து நகர்கிற பஸ்ஸில் தொற்றுகிறவள், அவளுடைய ஓட்டத்துக்காக. இன்னொருத்தி நூலகத்தை விட்டு வெளியே வராதவள், தடித்த கண்ணாடி. அவளை ஏன் பிடித்தாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றி வைத்ததும் அவளுக்கு எதிரில் வருகிறவளும் தெரியவில்லை, பயமும் தெரியவில்லை. மூன்றாவது பிரகாசி. புன்னக்காயல்காரி, விடுதியில் தங்கி வேதியியல் படித்தாள். எங்கள் மைதானத்தை ஒட்டி ஓடும் அதே ஆறு கடலில் சேருகிற இடத்தில் நீந்தி வளர்ந்தவள். தண்ணீருக்குள் போனால் எப்போது வெளியே வருவாள் என்று கரையில் நிற்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டுமாம்.

“எனக்குக் கபடி தெரியாது மேடம்” என்றாள்.

“தம்பிமாரு எத்தன பேரு?”

“நாலு பேரு.”

“ஓடுனா பிடிச்சு வச்சிருக்கியா?”

“பிடிக்காம? பின்ன எப்படிக் குளிப்பாட்ட?”

“அதாம் கபடி” என்றாள் அம்மா.

அடுத்த சிக்கல் தரை. போட்டி நடக்கப்போவது அந்தப் பெரிய கல்லூரியின் அரங்கத்தில், ரப்பர் மெத்தை விரித்த களத்தில். எங்கள் பிள்ளைகள் மண்ணைத் தவிர வேறு எதிலும் ஆடியதில்லை. மெத்தைக்கு எங்கே போவது? அம்மா அப்பாவின் கடைக்குப் போனாள். மறுநாள் கடைப் பையன்கள் வேனில் ஜமுக்காளங்களைக் கொண்டுவந்து மைதானத்தில் இரண்டு மடிப்பாக விரித்தார்கள். என்.சி.சி. அறையிலிருந்து இரவல் வாங்கிய பழுப்பு நிற ஷூக்களில் காகிதம் அடைத்துப் போட்டுக்கொண்டு ஏழு பேரும் இறங்கினார்கள். முதல் பிடியிலேயே ஆளும் ஜமுக்காளமும் சேர்ந்து சுருண்டு, யார் கால் யாருடையது என்று தெரியாமல் ஒரு பெரிய உருண்டையாக ஆற்றுப்பக்கச் சரிவில் உருண்டார்கள். உருண்டைக்குள்ளிருந்து பிரகாசியின் சிரிப்பு மட்டும் கேட்டது. அப்பா தலையில் கைவைத்து நின்றார்.

“ஏளா, வெள்ளிக்கெழம முகூர்த்தம். இதுலதாம் மாப்ள வீட்டுக்காரங்க உக்காரணும்.”

“தட்டிப் போட்டா தெரியாது. நீங்க பைய அந்த மூலையப் பிடிங்க” என்றாள் அம்மா. அன்றிலிருந்து அப்பாவும் மூன்று கடைப் பையன்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உட்கார, பயிற்சி நடந்தது.

பிடிக்கப் பழகுவதற்கு எதிரிலிருந்து ஒருவர் பாடி வர வேண்டும். இருந்த ஏழு பேரும் பிடிக்கிற பக்கம். அம்மாவின் பார்வை மரத்தடிக்குத் திரும்பியது.

ஒன்பது வயதில் நான் அணியின் எதிரி ஆனேன். கபடி கபடி என்று பாடிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்றுதான், இசக்கி அக்காவின் ஆட்டம். அவள் குனிகிற மாதிரி குனிந்தேன், அவள் நீட்டுகிற மாதிரி காலை நீட்டினேன். சின்ன உருவம் என்பதால் அவர்கள் கைக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு வாரத்தில் என்னைப் பிடிக்கப் பழகிவிட்டார்கள். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றி இறக்கிவிடுவார்கள். அவ்வளவு சந்தோஷமான மாலைகள் எனக்குப் பிறகு அதிகம் வாய்த்ததில்லை.

ஒருநாள் பிரகாசி கேட்டாள்: “ஏ பிள்ளே, நீ ஏன் நடுவுல நடுவுல சடையத் தொடுத?”

“இசக்கி அக்கா தொடுவாங்க. சடையத் தொட்டா எடப்பக்கம் திரும்பிருவாங்க. எப்பவும்” என்றேன்.

சொன்னதும் ஒரே கூச்சல். கண்ணாடிக்காரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என்னை விட்டுவிட்டுப் போனவளைப் பழி தீர்த்துவிட்டேன் என்று எனக்குள் இனித்தது. அம்மா மட்டும் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் பார்த்து நின்றாள். பிறகு, “சரி, மறுபடி வா” என்று சொல்லி விசிலை ஊதினாள்.

போட்டி அன்று அந்த அரங்கத்துக்குள் நுழைந்ததும் எங்கள் பிள்ளைகள் மெத்தையைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். முதல் ஆட்டத்தில் எப்படியோ ஜெயித்தோம். இரண்டாவதில் எதிரணி தானாகவே தடுக்கி விழுந்தது. அரையிறுதியில் இசக்கி அக்காவின் அணி. அவள் புது உடுப்பில் உயரமாகத் தெரிந்தாள். தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் கூரையைப் பார்த்தேன்.

முதல் ரெய்டுக்கு வந்தாள். குனிந்தாள், காலை நீட்டினாள், இடது கை சடை நுனியைத் தொட்டது. பிரகாசி ஏற்கெனவே இடப்பக்கத்தில் நின்றாள். தம்பியைக் குளிப்பாட்டத் தூக்குகிற மாதிரி இடுப்போடு தூக்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் முதல்வர், நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மறுபடியும் அதேபோல் பிடி. மூன்றாவது முறையும் பிடித்தபோது அவர்களுடைய பயிற்சியாளர் கோட்டருகே வந்து, ஊரே கேட்கக் கத்தினார்.

“மாசா மாசம் எதுக்குத் தாறோம் உனக்கு? பிடிபடுததுக்கா?”

இசக்கி அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று கைதட்டினேன்.

இடைவேளையில் ஐந்து புள்ளி நாங்கள் முன்னால். பிள்ளைகள் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டே துள்ளிக் குதித்தார்கள். அம்மாவைக் காணவில்லை. தேடிப்போனேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இசக்கி அக்கா சுவரைப் பார்த்து நிற்க, அம்மா அவளுக்குப் பின்னால் நின்று அந்தச் சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தன் தலையிலிருந்து எடுத்த இரண்டு ஹேர்பின் வாயில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவிட்டு, அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“கை தொடுததுக்கு இனி ஒண்ணும் இல்ல. போ.”

இரண்டாம் பாதியில் இசக்கி அக்காவின் கை ஒருமுறை தோள்பக்கம் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது. அதன்பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. எங்கள் ஐந்து புள்ளி கரைந்தது. ஆனால் எங்கள் பிள்ளைகளும் விடவில்லை. கண்ணாடிக்காரி கண் தெரியாமலே ஒரு காலைப் பிடித்து, அது எதிராளியின் காலாகவே அமைந்துவிட்டது. கடைசி ரெய்டின்போது ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பிரகாசி போனாள். ஒருத்தி தோளைப் பிடித்தாள், ஒருத்தி இடுப்பை. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு, கபடி கபடி என்று மூச்சு விடாமல் நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தாள். அரங்கம் முழுக்க அவளோடு சேர்ந்து பாடியது. கை கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது இசக்கி அக்கா பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். விசில்.

இரண்டு புள்ளியில் தோற்றோம். விழுந்த இடத்திலேயே பிரகாசி சிரிக்கத் தொடங்கினாள், கணுக்காலை விடாமல் இசக்கி அக்காவும் சிரித்தாள். அம்மா கைதட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு?

மைதானம் தப்பியது. முதல்வர் பஸ்ஸில் ஏறும் முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை கபடிக்குப் பேர் கொடுக்கப் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அடுத்த வருஷம் பிரகாசியையும் அந்தக் கல்லூரி அழைத்துக்கொண்டது. அம்மா அவளுக்கும் ஷூ அளவு சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாளே கல்லூரி வாசலில் போய் நின்றாள்.

போட்டி அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் பிள்ளைகள் ஒரே பாட்டு. முதல்வர் வாங்கிக் கொடுத்த அல்வா இலையோடு கைமாறிக்கொண்டிருந்தது. நான் மட்டும் அம்மாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“அவங்களுக்கு நீ ஏம்மா கொண்ட போட்டே?”

“முடி கண்ணுல விழுந்துச்சு. கட்டி விட்டேன்.”

அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பயிற்சியாளர் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் இரண்டு ஆட்டத்தில் தொடர்ந்திருந்தால் இசக்கி அக்காவின் விடுதிப் பெட்டி வாசலுக்கு வந்திருக்கும் என்பதும், அந்தப் பணத்தில்தான் அவள் தங்கை நர்சிங் சேர்ந்திருந்தாள் என்பதும் அப்போது தெரியாது. இரண்டு வருஷம் அவளை ஆட வைத்த அம்மாவுக்குச் சடை விஷயம் தெரியாமல் இருந்திருக்குமா, தெரிந்தும் ஏன் அணியிடம் வாயைத் திறக்கவில்லை, என்று யோசிக்கவும் தெரியாது. யாரோ அல்வாவை நீட்டினார்கள். வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, எங்கள் அம்மாவுக்குக் கபடியே தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.