ஃபைசலின் படகு

பாகூர் கடைத்தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் சிராஜுதீன். அவருடைய ஒரே மகன் ஃபைசல், துபாயில் பணக்காரர்களின் படகுகளுக்கு இன்ஜின் பார்த்தவன். ஊர் திரும்பிய கையோடு, மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து பழைய ஸ்பீட் போட் ஒன்றை வாங்கி வந்தான். இரட்டை இன்ஜின், கூரான மூக்கு, முன்பக்கம் ஆள் படுக்கிற மாதிரி ஒரு கேபின்.

“இரும்பு விக்கிறவன் புள்ளைக்கு இது இன்னாத்துக்குடா? மீனா புடிக்கப் போற?” என்றார் சிராஜுதீன்.

“ஒருவாட்டி ஏறிப் பாருங்கத்தா. அப்புறம் பேசுங்க.”

அவர் ஏறவில்லை. படகு நின்ற பனித்திட்டு மீனவர் குப்பத்துப் பக்கமே போகவில்லை. ஃபைசல் பல நாள் அந்தக் கேபினிலேயே படுத்துக்கொள்வான்.

ஒரு மழை நாளில், கடலூர் சாலையில் லாரி மோதி ஃபைசல் இறந்துபோனான். கடலில் போயிருந்தால் படகைத் திட்டியாவது சிராஜுதீன் மனம் ஆறியிருப்பார். அதற்கும் வழியில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த பிறகு, மகனின் கூட்டாளி அரிகரன் பனித்திட்டிலிருந்து வந்தான்.

“பாய், இன்ஜினை அப்பப்ப ஓட்டணும். சும்மா உட்டா உப்பு தின்னுடும். நீங்களும் வாங்களேன்.”

என்ன தோன்றியதோ, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முகத்துவாரம் தாண்டியதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அலைக்கு அலை விழுந்து எழுந்ததில் அவருடைய பற்கள் கிடுகிடுத்தன. கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“இன்னும் வேகமா போவுமா?”

“போவும் பாய். ஃபைசல் போவான்.”

“அப்ப போ.”

அதன்பின் வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பனித்திட்டுக்குப் போவது அவருக்கு வழக்கமாயிற்று. மகனோடு பேசிய பேச்சைவிட, அவனுடைய படகில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரம் அதிகமாகிவிட்டது.

ஐப்பசிப் புயலில் நங்கூரக் கயிறு அறுந்து, படகு கற்களில் மோதி அடிவயிறு கிழிந்தது. இன்ஜின் முழுக்கக் கடல் தண்ணீர். இனி தேறாது என்று அரிகரன் தலையைக் குனிந்துகொண்டான். சிராஜுதீன் அதை லாரியில் ஏற்றித் தன் கடைக்கே கொண்டுவந்தார்.

மறுநாள் அவர் மனைவி நூருன்னிசா கடைக்கு வந்தாள். அந்தப் படகை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“எங்க படுப்பான்?”

அவர் கேபின் கதவைத் திறந்துவிட்டார். அவள் குனிந்து உள்ளே போய், ஈரம் காயாத மெத்தையில் கையை வைத்தாள்.

“நீங்க இதுல போனீங்களே, எப்படி இருந்துச்சு?”

“பயமா இருந்துச்சு.”

“அவனுக்கு?”

“அவனுக்கு இருந்திருக்காது நூரு.”

அவள் அந்த மெத்தையிலேயே முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள். மகன் செத்த அன்றுகூடச் சத்தம் போட்டு அழாதவள், இப்போது அழுதாள். சிராஜுதீன் கடையின் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வந்து, கேபின் வாசலில் உட்கார்ந்தார். வெளியே யாரோ தட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.