நரி மூஞ்சியைத் தேடிப் போன ராத்திரி

நெத்தி லைட்டைக் கட்டிகினு ராத்திரியில கழனிக்குப் போறதுல எங்க நசரத்பேட்டையில என்னை அடிச்சிக்க ஆளு கிடையாது. பெருமைக்குச் சொல்லல, உண்மை. என் ஊட்டுக்காரர் உசுரோட இருந்தப்ப முயல் வேட்டைக்கு அவர் லைட்டைப் போட்டுகினு முன்னால போவாரு, நான் சாக்கை எடுத்துகினு பின்னால போவேன். இப்ப முயலை அடிச்சா கேஸு. நான் அடிக்கறதில்ல. கீரைப் பாத்தியில வாயை வைக்க வர்றதுங்களை வெரட்டி உடறதோட சரி. ஆனா இருட்டுல கண்ணு மின்னினா, அது இன்னா ஜந்துன்னு தூரத்துலயே சொல்லிடுவேன். முயலுக்குப் பெரும்பாலும் ஒத்தைக் கண்ணுதான் தெரியும், செவப்பா. நாயா இருந்தா கத்திகினு ஓடியாரும். நரி அப்படி இல்ல. ரெண்டு கண்ணாலயும் நம்மை நல்லா பாத்துட்டு, நாலு அடி போயி, நின்னு, திரும்பவும் பாக்கும். திமிரு புடிச்சது. அதனாலயே எனக்கு அதைப் புடிக்கும்.

கீரையை கழனிக்கு எதிர்ல புதுசா வந்துகீற ஃபிளாட்டுங்களுக்கு எடுத்துகினு போயி விக்கறேன். அங்க சேலத்துப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாத்துகினு இருந்திச்சி. திடுதிப்புனு வேலைய உட்டுத் தூக்கிட்டாங்க. அப்பறம் அது ஏறாத கம்பெனி இல்ல. இன்டர்வியூவுல கடைசி ரவுண்டு வரைக்கும் போவும், அதோட புட்டுக்கும். மார்கழி மாசம் ஒரு நாள் அரைக்கீரை வாங்க எறங்கி வந்தவ, கீரையைக் கையில வெச்சிகினு அப்படியே படியில உக்காந்துட்டா.

“நாளைக்குக் காலைல கடைசி ரவுண்டுங்க்கா. இதுவும் போச்சுன்னா ஃபிளாட்டை வித்துட்டு ஊருக்கே போயிடலாம்னு அவர் சொல்றாருங்க. தெனம் யார் மூஞ்சில முழிக்கிறேனோ தெரியல. எங்க ஊர்ப் பக்கம் பொங்கல் கழிஞ்சா நரியைப் புடிச்சுட்டு வந்து ஊரைச் சுத்திக் காட்டுவாங்க. அது மூஞ்சில முழிச்சா நல்லது நடக்கும்னு. இங்க நரிக்கு நான் எங்க போறது?” சிரிச்சிகினே சொன்னா. கண்ணுல தண்ணி நின்னுது.

“நரியா? எங் கழனிக்குப் பின்னால கீதே. நான் காட்டறேன் வா” அப்படின்னேன். இந்த வாய் சும்மா இருக்குமா?

சும்மா பாத்தா பலிக்காதாம். தூங்கி எழுந்து கண்ணைத் தொறந்ததும் மொதல்ல நரியைத்தான் பாக்கணுமாம். சரி, கழனியிலயே வந்து தூங்குடி, நரியைக் கண்டதும் எழுப்பி உடறேன்னு சொல்லிட்டேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். ஊட்டுக்காரர் போனதுல இருந்து எங்க தெருவுல காலங்காத்தால எம் மூஞ்சியில யாரும் முழிக்கமாட்டாங்க. எதிர் ஊடு என் கொழுந்தன் ஊடு. அவர் நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப அவர் பொண்டாட்டி வாசல்ல நின்னு, “அக்கா, கொஞ்சம் உள்ள போயேன்” அப்படின்னு நேராவே சொல்லுவா. “போடி இவளே, உம் புருசன் காரியம் கெடறதுக்கு அவர் போதும், எம் மூஞ்சி வேற எதுக்கு?” அப்படின்னு நானும் நேராவே சொல்லுவேன். சொல்லிட்டு உள்ள போயிடுவேன். பழகிப் போச்சின்னு சொன்னா அது பொய்யி. வலிக்கும். அந்தப் பொண்ணுக்கும் இதெல்லாம் தெரியும், கீரை ஆய்ஞ்சிகினே ஒரு நாள் நாந்தான் சொன்னேன்.

ராத்திரி புருசனும் பொண்டாட்டியும் காரை பம்ப்செட்டு வரைக்கும் ஓட்டிகினு வந்தாங்க. அவ பின் சீட்டுல போர்த்திகினு படுத்துட்டா. அவன் முன்னால உக்காந்து கொசுவுக்கு என்னத்தையோ தடவிகினு இருந்தான். “இதோ பார் நைனா, நீ தூங்காத. நரி கெடைச்சதும் போன் பண்றேன். பொண்டாட்டியை ஜன்னல் பக்கமா திருப்பி எழுப்பு. போனை சத்தம் இல்லாம வெச்சிக்கோ, மணி அடிச்சா ஓடிடும்” அப்படின்னேன். எவ்ளோ பெரிய புத்திசாலி நான்!

பனி கொட்டுது. தூரத்துல பெங்களூர் ரோட்டுல லாரி போற சத்தம். வரப்பு மேல மெதுவா போறேன். ஒரு செவப்புக் கண்ணு மின்னிச்சி, முயலு. “நீ போ, உனக்கு இன்னிக்கு வேலை இல்ல” அப்படின்னு உட்டுட்டேன். ரொம்ப நேரம் கழிச்சி, விடியறதுக்குக் கொஞ்சம் முன்னால, மனை பிரிச்சி கல்லு நட்டுகீற எடத்துல ரெண்டு கண்ணு ஜோடியா நின்னுது. நாலு அடி போச்சி. நின்னுது. திரும்பிப் பாத்திச்சி. ஐயோ எஞ் செல்லமே! நரியாரே தான்.

லைட்டை அது மேலயே வெச்சிகினு போன் போட்டேன். எடுக்கல. மறுபடி போட்டேன். எடுக்கல. அந்தக் கடங்காரன் தூங்கிட்டான், போன்ல சத்தமும் இல்ல. நரி மேல இருந்து லைட்டை எடுக்காம, பின்பக்கமாவே அடி வெச்சி கார் வரைக்கும் வந்துட்டேன். கண்ணாடியைத் தட்டறேன், உள்ள ரெண்டும் அசையல. வேற வழி இல்லாம ஒரு நிமிசம் திரும்பி, கதவைத் தொறந்து, அவ தோளைப் புடிச்சி உலுக்கி, “எழுந்திரு! கண்ணைத் தொறக்காத! மொதல்ல அந்தப் பக்கம் திரும்பு!” அப்படின்னு கத்தறேன். தூக்கத்துல இருந்து ஒருத்தியைக் கத்தி எழுப்பினா அவ இன்னா பண்ணுவா? கண்ணைத்தான் தொறப்பா.

நேரா எம் மூஞ்சியில முழிச்சா.

நான் திரும்பி லைட்டைப் போட்டேன். கல்லுதான் நின்னுகினு இருந்திச்சி, நரி இல்ல.

பாம்புக்குப் பயந்ததில்ல, போலீசுக்குப் பயந்ததில்ல. அன்னிக்கு எம் மூஞ்சிக்கு நானே பயந்தேன். “யம்மா, இது கணக்குல சேராது. மறுபடி படு, மறுபடி தேடறேன்” அப்படின்னு கெஞ்சினேன். “விடிஞ்சிருச்சுங்க்கா, பரவால்ல, கெளம்பணும்” அப்படின்னா. போர்வையை மடிச்சி வெச்சிட்டு சீட்டுல நேரா உக்காந்துட்டா. அவனும் தலையைக் குனிஞ்சிகினு காரை எடுத்தான்.

அன்னிக்குக் கீரை விக்கப் போவல. கதவைச் சாத்திகினு உள்ளயே கெடந்தேன். தெருவுல இத்தினி பேரு சொல்றதை இத்தினி வருசமா ஒத்துக்காதவ நானு. அன்னிக்கு ஒத்துக்குனேன். அந்தப் பொண்ணுக்கு வேலை கெடைக்காம போனா அது என்னாலதான்னு முடிவே பண்ணிட்டேன். சோறு எறங்கல.

பொழுது சாயறப்ப அவ புருசன் போன் பண்ணான். “வேலை கிடைச்சிருச்சுங்க்கா!” அப்படின்னான். நான் போனை வெச்சிட்டு ஓன்னு அழுதேன். அப்பறம் எழுந்து ரசத்தை ஊத்தி ரெண்டு தட்டு சோறு துன்னேன்.

கதை அதோட முடிஞ்சிச்சின்னுதான் நெனைச்சேன். பொங்கல் கழிச்சி ஒரு நாள், இன்னும் சரியா விடியல. எதிர் ஊட்டுல கொழுந்தன் எங்கயோ நெலம் பேசக் கெளம்பறாரு. அவர் பொண்டாட்டி கோலம் போட்டுகினே, “அக்கா” அப்படின்னு இழுத்தா. நானும் உள்ள போயி கதவைச் சாத்திட்டேன்.

வெளிய கார் வந்து நிக்கிற சத்தம். கதவைத் தட்டறாங்க.

“அக்கா, தொறங்க. இன்னிக்கு வேலையில சேரணும். நான் இன்னும் கண்ணைத் தொறக்கலைங்க.”

ஜன்னல் வழியா பாத்தேன். நைட்டி மேல சால்வையைப் போத்திகினு, தலைகூட வாராம நிக்கிறா. கண்ணை இறுக்கி மூடிகினு கீறா. ரோட்டைத் தாண்ட வைக்கிற மாதிரி புருசன் அவ கையைப் புடிச்சிகினு நிக்கிறான். எதிர்ல கோலப்பொடிக் கிண்ணத்தோட கொழுந்தன் பொண்டாட்டி எழுந்து நின்னுட்டா.

கதவைத் தொறந்து அவ எதிர்ல போயி நின்னேன். “ஏண்டி, உனக்குப் பைத்தியமா? இவ்ளோ தூரமா கண்ணை மூடிகினு வந்தே?”

அவ கண்ணைத் தொறந்தா. எம் மூஞ்சியை நல்லா பாத்தா. “வரங்க்கா, நேரமாச்சு” அப்படின்னு சொல்லிட்டு, தட்டுத் தடுமாறாம தானே நடந்து போயி கார்ல ஏறினா.

கார் போச்சி. எதிர் ஊட்டுக் கதவு தொறந்து கொழுந்தன் வாசப்படிக்கு வந்தாரு. அவர் பொண்டாட்டி என்னைப் பாத்தா, வாயைத் தொறக்கல. நான் அங்கயே நின்னேன். அவர் செருப்பை மாட்டிகினு என்னைத் தாண்டிப் போற வரைக்கும் நான் உள்ள போவல.