பின்பக்கம் திறந்திருந்த தகடு

ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தால், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் இரும்பு உருண்டை ஒன்று தெரியும். சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். டிஃபரன்ஷியல் என்பார்கள். எங்கள் மாமா அதை வண்டியின் வயிறு என்பார். தரைக்கு மிக அருகில் தொங்குவது அதுதான் என்பதால் கல் முதலில் அடிப்பதும் அதைத்தான். அறுபதுகளில், தாராவியில் மாமாவின் பட்டறையில் இருந்த காலத்தில், அந்த வயிற்றால் நான் பட்ட அவமானத்தை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது.

மாமா என் அம்மாவின் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து வெல்டிங் பட்டறை போட்டவர். ராணுவம் ஏலத்தில் விட்ட பழைய ஜீப் ஒன்றையும் வாங்கியிருந்தார். செம்பூருக்கு அப்பால் குன்றடியில் இருந்த கல் குவாரிக்கு அந்த ஜீப் தினமும் போகும். மேலே வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர், பாறையில் துளை போடும் கம்பிகள், கம்ப்ரஸருக்கு டீசல் இவற்றை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. மாமா மகளை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. பேச்சு என்றால் அத்தை சாடைமாடையாகச் சொல்வதுதான். மாமா வாயைத் திறந்ததில்லை. எதிரே இருந்த டீக்கடைக்காரர் என்னைக் கண்டாலே, "என்ன மாப்ள, சாய் போடட்டா?" என்பார். மாமாவுக்கு மட்டும் நான் எப்போதும் 'ஏலே'தான். அவர் ஒரு தடவையாவது என்னை 'மாப்ள' என்று கூப்பிட மாட்டாரா என்று ஏங்கினேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு வீம்பு அதிகம்.

குவாரிப் பாதையைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். உடைத்த கல் பாதி, உடையாத கல் பாதி. மழைக்காலத்தில் ஒரு நாள் கல் அடித்து, ஜீப்பின் வயிற்றில் மெல்லிய விரிசல் விட்டது. மாமா அதை ஒட்டவைத்துவிட்டு, "இன்னொரு வாட்டி வண்டி படுத்துதுன்னா குவாரிக்காரன் வேற வண்டி பாத்துக்கிடுவான்" என்றார். அன்றே கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து கனமான தகடு ஒன்றை வாங்கிவந்தார்.

அதைச் சூடாக்கி, அடித்து, வளைத்து வயிற்றுக்குக் கவசமாகப் பொருத்தினார். யாரையும் கிட்டே விடவில்லை. முன்பக்கம் தகட்டை மேலே மடக்கி, அச்சோடு சேர்த்து போல்ட் போட்டிருந்தார். எதிரே வரும் கல் தகட்டில் ஏறி வழுக்கி, வயிற்றைத் தொடாமல் பின்னால் போய்விடும். பெரிய அகப்பையை அடியில் பிடித்தது மாதிரி இருந்தது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு, தரையில் படுக்கவைத்துக் காட்டினார். வேட்டி அழுக்காகிறதே என்று முனகியவர்களையும் விடவில்லை.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. பூஜை போட்ட வண்டி முதல் ஓட்டம் முடிந்து வீடு திரும்பும்வரை முன்னால்தான் போக வேண்டும், பின்னால் எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் உள்ள கட்டுப்பாடு. அதற்காகவே முந்தின சாயங்காலம் வண்டியைப் பின்பக்கமாகப் பட்டறைக்குள் ஏற்றி வைத்துவிடுவோம். எலுமிச்சம்பழம் நசுக்கி வெளியே வந்ததும், தகட்டைச் சோதிக்கச் சந்தில் கல் அடுக்கினார் மாமா. ஜீப் அதன்மேல் ஏறியது, தகடு உரசியது, வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். இன்னொரு தடவை ஏற்றலாம் என்று நான் ரிவர்ஸ் கியரில் கை வைத்தேன்.

"ஏலே, கைய எடு! பூச போட்ட வண்டில்லா. முன்னால போயி சுத்திட்டு வா."

தெருவெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் முன்பக்கமாகவே ஏற்றினேன்.

மறுநாள் முதல் ஓட்டம். குவாரியில் பாதி மேடு ஏறியதும் சிவப்புக் கொடிக்காரன் குறுக்கே ஓடிவந்தான். வெடி வைக்கப் போகிறார்கள். "பீச்சே லே! பீச்சே!" என்று, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வண்டியைத் திருப்ப இடமில்லை. மாமா சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் வெடிக்கு அது தெரியுமா? பின்னால் எடுத்தேன். ஏறும்போது வழுக்கி விட்ட அதே கல், இறங்கும்போது எதிலோ கொக்கி போட்டதுபோல் மாட்டியது. அடியில் பெரிய சத்தம். இறங்கிப் பார்த்தால் வெள்ளைக் கல்தூள்மேல் கறுப்பாக எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது.

குவாரி லாரியில் கயிறு கட்டி ஜீப்பை இழுத்துவந்தார்கள். மாலையும் குங்குமமுமாக இருந்த வண்டியில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழியில், சயானில் ஒரு பஸ் பக்கத்தில் நின்றபோது ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களாவது தெரியாதவர்கள். தாராவியில் எங்கள் சந்து முழுவதும் வெளியே வந்து நின்றது.

"பின்னால எடுத்தியால?" என்றார் மாமா.

"வெடின்னு கொடி காட்டிட்டான் மாமா. திருப்ப எடமில்ல."

"எடுத்தியா, இல்லியா?"

"எடுத்தேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சொன்ன பேச்சு கேக்காதவனுக்கா நான் பொண்ணக் குடுக்கப் போறேன்?"

கல்யாணத்தைப் பற்றி அவர் முதல்முதலாக வாயைத் திறந்தது அப்போதுதான். அதுவும் இத்தனை பேர் முன்னால். அவர் மகள் துணி காயப்போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்றாள். ஈரத்துணியோடு உள்ளே போய்விட்டாள். நான் கூனிக் குறுகிப்போனேன். மறுநாள் காலை டீக்கடைக்காரர் கிளாஸை வைத்தார். 'மாப்ள' என்று சொல்லவில்லை. மாமா திட்டியதைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மாமா வண்டிக்கடியில் போனார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் கை கழுவப் போனார். அவர் சாப்பிடப் போனதும் நானும் படுத்துப் பார்த்தேன். தகடு பின்னாலிருந்து முன்னால் மடங்கியிருந்தது. அதன் பின் விளிம்புக்கு ஒரு போல்ட்கூட இல்லை, திறந்தபடி தொங்கியிருந்திருக்கிறது. கல் அந்த வாயில் நுழைந்து, தகட்டை மடக்கி, அந்த முனையாலேயே வயிற்றின் பழைய விரிசலைப் பிளந்துவிட்டது. யார் ஓட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். அன்று சந்தில் ஒரே ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்க விட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

வெட்கம் போய் எனக்குக் கோபம் வந்தது. வண்டி மறுபடி புறப்படும் நாளில், அதே சந்தில், அதே ஆட்கள் முன்னால் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். 'மாமா, வண்டிக்குப் பின்பக்கம்னு ஒண்ணு உண்டுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?' வேலை செய்துகொண்டே அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மாமா வயிற்றை ஒட்டினார். தகட்டை நிமிர்த்தி, பின்னாலும் ஒரு துண்டு வைத்து வெல்டிங் செய்து, மேலே மடக்கி, அச்சின் மறுபக்கமும் போல்ட் போட்டார். எண்ணெய் இறக்கும் திருகுக்கு மட்டும் அடியில் ஓர் ஓட்டை விட்டார். பின்பக்கத்தை ஏன் மூடினார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத்தான் நாள் குறித்திருந்தேனே.

அந்த நாள் வந்தது. கற்பூரம் காட்டியாயிற்று. சந்து முழுக்க ஆட்கள். டீக்கடைக்காரரும் வந்திருந்தார், மாமா மகள் அத்தைக்குப் பின்னால் நின்றாள். நான் ஜீப்பில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன். அதற்குள் மாமா பேசிவிட்டார்.

"எல்லாரும் இருக்கீக, நல்லதாப் போச்சு. தகட்ட முன்னால மட்டும் மடக்குனது நான். பின்னால தொறந்து கெடந்தது. பய மேல தப்பு இல்ல. அன்னைக்கு நான் பேசுனதுதான் தப்பு."

மாமா ஜீப்பின் பின்னால் நடந்துபோய், கற்களை அடுக்கி, எலுமிச்சம்பழங்களைப் பின்சக்கரங்களுக்குப் பின்புறம் வைத்தார்.

"பின்னால எடுல."

"பூச போட்ட வண்டி, அண்ணாச்சி" என்றார் டீக்கடைக்காரர்.

"எடுக்கச் சொல்லுதேன்லா."

இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு வாயிலேயே செத்துப்போனது. கியரைப் போட்டேன். கிளட்ச்சை அவசரமாக விட்டதில், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"பைய" என்றார் மாமா பின்னாலிருந்து. "அவசரம் ஒண்ணுமில்ல, மாப்ள."

மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன். பின்னால் எடுக்க வேண்டுமென்றால் திரும்பிப் பார்த்தாக வேண்டும். அங்கே இரண்டு கைகளையும் நீட்டி, வா வா என்று என்னை அழைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.